சிவிக்குக்குப் பிடிப்பான ரயர்: மாரி, கோடை, கிறவல் எல்லாத்துக்கும் எது நல்லது?

வெள்ளைச்சிவிக்:
எல்லாருக்கும் வணக்கம். வீடு கிளிநொச்சி, வேலை முல்லைத்தீவில. கிழமையில 5 நாள் பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு ஏ35ஆல ஓட்டம். மாதத்தில ஒருக்கால் ஏ9ஆல கொழும்பு. ஞாயிறில வவுனிக்குளத்துக்கு அங்கால அம்மா வீடு, கடைசி 6 கிலோமீற்றர் கிறவல். கார் 2008 சிவிக். 17 இஞ்சி அலோய் றிம் போட்டிருக்கிறன், ரயர் 215/45.

போன வெள்ளி பின்னேரம் நல்ல அடைமழை. புதுக்குடியிருப்பு தாண்டி வாறன், 70 இருக்கும். ஒரு வளைவில வயல் தண்ணி றோட்டுக்குக் குறுக்கால ஓடுது. கண்டவுடன அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தன். அவ்வளவுதான். பின்பக்கம் அப்பிடியே சுத்தி, நான் வந்த பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். எதிர ஒண்டும் வரேல்லை. குடை பிடிச்சபடி சைக்கிளில வந்த ஒரு ஐயா மட்டும் நிண்டு, என்னை மேலையும் கீழையும் பாத்திட்டுப் போனார். வாங்கிக்கொண்டு வந்த பாண் ரெண்டும் சீற்றுக்குக் கீழ.

நாலு ரயரும் மாத்தப்போறன். காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை. ஸ்போர்ட்ஸ் ரயரா, கொம்போர்ட் ரயரா, ஓல் சீசனா? மழையில பிடிக்கவேணும், வெய்யிலில கரையக்கூடாது.

மொன்றியல்மருமகன்:
முதல்ல ஆள் தப்பினது பெரிய விசயம். ஓல் சீசன் போடு மச்சான், எல்லாக் காலத்துக்கும் எண்டுதானே பேரே சொல்லுது. நான் இஞ்ச ஆறு மாதம் அதிலதான் ஓடுறன். மார்கழி 1 தொடக்கம் பங்குனி 15 வரைக்கும் கியூபெக்கில பனி ரயர் கட்டாயம். இல்லாட்டி தண்டம்.

பழையசாரதி:
தம்பி, 31 வருசம் வான், லொறி எண்டு ஓடினவன் சொல்லுறன். 2018 மார்கழியில இரணைமடு வான்கதவு திறந்து வெள்ளம் வந்தபோதும் ஓடினனான். மழைக்கு ஒரு வேலைதான்: காத்தைக் குறை. 25 றாத்தல் (பிஎஸ்ஐ) விடு. ரயர் பரந்து றோட்டில ஒட்டும். ரயர் மாத்திறது பிறகு. முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடை.

குளக்கட்டு:
ஐயா, தேங்காய்க்கு நான் எதிர்ப்பில்லை. காத்துக் கதை மட்டும் பிழை.

நிண்ட தண்ணியில ரயர் எந்த வேகத்தில மிதக்கத் தொடங்கும் எண்டு 1960களில நாசா விமானச் சில்லுகளை வைச்சுப் பாத்தது. கணக்கு லேசு: காத்தழுத்தத்தின்ர வர்க்கமூலத்தை 10.35ஆல பெருக்கினால் மைலில வேகம் வரும். கிலோமீற்றருக்கு மாத்தினால், 33 றாத்தலுக்கு ஏறத்தாழ 96. 25 றாத்தலுக்கு 83. அப்ப காத்தைக் குறைக்கக் குறைக்க முந்தி மிதக்கும். ரயர் பரந்தால் தண்ணியை வெட்டாது, தண்ணிக்கு மேல ஏறி இருக்கும். சுளகைத் தண்ணியில வைச்சால் மிதக்கும், கத்தியை வைச்சால் இறங்கும்.

இது விமானச் சில்லுக்கு வந்த கணக்கு. காருக்கு அப்பிடியே அச்சொட்டாப் பொருந்தாது. வெட்டு (தண்ணி போக ரயரில இருக்கிற பள்ளம்) தேய்ஞ்ச அகல ரயர் இதுக்கு முந்தியே தூக்கும். ஆனால் எந்தப் பக்கம் போகுது எண்டதை இதில பாக்கலாம்.

பழையசாரதி:
அப்ப நான் முல்லைத்தீவுக் கடற்கரையில காத்துக் குறைச்சு வானை வெளிய எடுத்தது பொய்யோ?

குளக்கட்டு:
மெய்தான் ஐயா. அது மணல். மணலில ரயர் புதையக்கூடாது, அதால பரத்தவேணும். தண்ணியில புதைஞ்சால்தான் றோட்டைத் தொடும்.

பழையசாரதி:
ம். இதை ஒருத்தரும் எனக்கு இப்பிடிச் சொல்லேல்லை.

பரந்தன்சில்லு:
நான் ரயர் வேலை செய்யிற ஆள், அதால ஒரு கேள்வி கேக்கிறன். தம்பி ரயர் விலை விசாரிக்க முதல் காருக்குக் கிட்டப் போய் நாலு விசயம் பாத்துச் சொல்லுங்கோ.

ஒரு தீக்குச்சியை வெட்டுக்குள்ள விட்டு, நகத்தால அடையாளம் பிடிச்சு, அடிமட்டத்தில அளவுங்கோ. முன்னுக்கு எத்தினை மில்லிமீற்றர், பின்னுக்கு எத்தினை? பக்கச் சுவரில நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், அது என்ன? நாலும் ஒரே பூவோ, அதாவது ஒரே வெட்டுக் கோலமோ? சுவரில வெடிப்பு இருக்கோ?

வெள்ளைச்சிவிக்:
அண்ணை, ரோச் அடிச்சுப் பாத்திட்டு வாறன். நுளம்பு பிடுங்குது.

முன் ரெண்டும் 7 மில்லி கிட்ட. நாலு மாதத்துக்கு முதல் புதுசா வாங்கினது, ஸ்போர்ட்ஸ் வகை. பின் ரெண்டும் றிம்மோட சேத்து கொழும்பில பழசா எடுத்தது. ஒண்டு 2.5, மற்றது 2 வரும். இலக்கம் 1416. சுவரில சின்னச் சின்ன வெடிப்பு இருக்கு. பூ வேற வேற.

இன்னொண்டு. பின் இடப்பக்கச் சில்லில வெளிய 'இன்சைட்' எண்டு எழுதிக் கிடக்கு. அது சரிதானே?

பரந்தன்சில்லு:
சரியில்லை. உட்பக்கமா இருக்கவேண்டிய முகம் வெளிய நிக்குது. அந்த வகை ரயரில வெளிப் பாதி வளைவுக்கு, உள் பாதி தண்ணி கடத்த. திருப்பிப் போட்டிருக்கினம். பூட்டின ஆள் அவசரத்தில இருந்திருக்கவேணும்.

1416 எண்டால் 2016ஆம் ஆண்டு 14ஆம் கிழமை செய்தது. எங்கட வெய்யிலில 6 வருசம் தாண்டின ரயரை, வெட்டு எவ்வளவு இருந்தாலும் நான் என்ர காருக்குப் போடமாட்டன். றப்பர் இறுகிப்போகும். நகத்தால அழுத்திப் பாருங்கோ, பின் ரயர் செருப்பின்ர அடிப்பக்கம் மாதிரி இருக்கும்.

நீங்கள் சுத்தினதுக்குக் காரணம் ஸ்போர்ட்ஸ் ரயர் இல்லாதது இல்லை. நல்ல ரயரை முன்னுக்குப் போட்டு மொட்டையைப் பின்னுக்கு விட்டதுதான். முன் சில்லு தண்ணியை வெட்டி றோட்டைப் பிடிச்சிட்டுது. பின் சில்லு மிதந்துகொண்டு வந்தது. அந்த நேரத்தில நீங்கள் காலை எடுக்க, பாரம் முன்னுக்குப் போகும், பின்பக்கம் இன்னும் லேசாகும். வளைவில அது சுத்தாமல் என்ன செய்யும்?

வெள்ளைச்சிவிக்:
ஆனால் முன்சில்லு இழுக்கிற கார்தானே அண்ணை. புதுசை முன்னுக்குப் போடு எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். கடையிலயும் அப்பிடித்தான் சொன்னவை.

பழையசாரதி:
நானும் அப்பிடித்தான் போட்டுவந்தனான். ஸ்ரியறிங்கும் பிரேக்கும் முன்னுக்குத்தானே.

பரந்தன்சில்லு:
ஐயா, இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகுது. முன்சில்லு வழுக்கினால் ஸ்ரியறிங் கையில காத்து மாதிரி லேசாகும். உங்களுக்கு உடன தெரியும். காலை எடுப்பீங்கள், வேகம் குறையும், திரும்பப் பிடிக்கும். பின்சில்லு வழுக்கினால் கையில ஒண்டும் தெரியாது. தெரியிற நேரம் கார் குறுக்கால நிக்கும். பழைய கார்களில சறுக்கலைத் தானாப் பிடிக்கிற இலத்திரனியலும் கனக்க இல்லை. ரெண்டு மட்டும் புதுசா வாங்கினால் அதுகள் பின்னுக்கு. முன்சில்லு இழுத்தாலும் சரி, பின்சில்லு இழுத்தாலும் சரி. பெரிய ரயர்க் கொம்பனிகளும் இதைத்தான் சொல்லுதுகள்.

பிறகு 8,000, 10,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் முன்பின் மாத்தினால் நாலும் ஒண்டாத் தேயும், இந்தக் கதையே வராது.

முள்ளியவளைஅக்கா:
தம்பி, நான் வாகன் ஆர் ஓடுறன், வயல்காணி பாக்கிற உத்தியோகம். நீங்கள் ஏ35ஐ மட்டும் பாக்கிறீங்கள். எனக்கு அந்தக் கடைசி 6 கிலோமீற்றர் கிறவல்தான் கண்ணில நிக்குது. 45 எண்ட மெல்லிய சுவரோட அதில போறீங்களோ? போன வருசம் ஒட்டுசுட்டான் பக்கம் உழவு மெசின் கிண்டின பள்ளத்துக்குள்ள ஒரு மெல்லிய ரயர்க் கார் விழுந்ததைப் பாத்தனான். ரயரும் போய், றிம்மும் நெளிஞ்சு, அந்தப் பிள்ளை றோட்டில குந்திக்கொண்டு இருந்தது.

பஞ்சர் வெட்டுப் பக்கத்தில எண்டால் ஒட்டலாம். சுவரில கல்லு வெட்டினால் ரயரே முடிஞ்சுது. விடத்தல் முள்ளு வேற. மற்றது, லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் வயலால ஏறி றோட்டில கொட்டிப்போட்டுப் போற சேறு. மழைத்தூறலோட அந்தச் சேத்தில எந்த ஸ்போர்ட்ஸ் ரயரும் சவர்க்காரம்தான்.

வெள்ளைச்சிவிக்:
உண்மை அக்கா. முன் வலப்பக்க றிம்மில ஒரு நெளிவு ஏற்கனவே இருக்கு. வடிவுக்காகத்தான் 17 போட்டன், ஒத்துக்கொள்ளுறன்.

குளக்கட்டு:
வடிவுக்கு எவ்வளவு குடுத்திருக்கிறீங்கள் எண்டு கணக்குப் பாப்பம்.

கொம்பனி போட்ட அளவு 205/55 ஆர்16 எண்டு நினைக்கிறன், கதவடியில இருக்கிற ஒட்டியில பாருங்கோ. 205இல 55 வீதம் எண்டால் சுவர் 113 மில்லி. உங்கட 215/45 ஆர்17இல 97 மில்லி. முழு விட்டம் 632உம் 625உம், அதால ஸ்பீட் மீற்றர் பெரிசா மாறாது. ஆனால் கல்லுக்கும் றிம்முக்கும் நடுவில இருந்த றப்பரில 16 மில்லி போயிட்டுது. அகலம் 10 மில்லி கூடினதால தண்ணியில ஏறுறதும் முந்தி.

அதைவிட ஒருத்தரும் பாக்காத இலக்கம் ஒண்டு. 205/55 ஆர்16இல வழமையாப் பாரக் குறி 91. ஒரு ரயர் 615 கிலோ தாங்கும். 215/45 ஆர்17இல சாதாரணமா வாறது 87, அது 545 கிலோ. ஒரு சில்லுக்கு 70 கிலோ குறைவு. அஞ்சு பேரும், டிக்கிக்குள்ள ஒரு மூட்டை அரிசியும், தேங்காயும் எண்டு கொழும்புக்குப் போறம்தானே. அந்த அளவில 91 வேணுமெண்டால் எக்ஸ்எல் (கூடப் பாரம் தாங்கிறது) எண்டு எழுதினதை எடுக்கவேணும், அதுக்குக் காத்தும் ரெண்டு மூண்டு றாத்தல் கூட விடவேணும். உங்கட பின் ரயரில என்ன இருக்கு?

வெள்ளைச்சிவிக்:
87 டபிள்யூ. எக்ஸ்எல் இல்லை. டபிள்யூ எண்டால் என்ன?

குளக்கட்டு:
270 கிலோமீற்றர் வேகம் வரைக்கும் தாங்கும் எண்டு அர்த்தம். எச் 210, வி 240, டபிள்யூ 270. இஞ்ச காருக்குச் சட்டப்படி 70. மிச்சம் 200ஐ நீங்கள் பாவிக்கிறதெண்டால் இரணைமடு ஓடுபாதைக்குத்தான் போகவேணும்.

அந்த எழுத்து வேகத்துக்கு மட்டும் இல்லை, ரயர் சூட்டைத் தாங்கிற கட்டமைப்பையும் சொல்லுது. சித்திரை வைகாசியில தார் கொதிக்கிற நேரம் அது பிரயோசனம். எச், வி காணும்.

மொன்றியல்மருமகன்:
என்ர ஓல் சீசனை ஒருத்தரும் கவனிக்கேல்லை.

பரந்தன்சில்லு:
கவனிச்சனான் தம்பி, வரிசையில நிண்டது. அங்க ஓல் சீசன் எண்டது கோடைக்கும் லேசான குளிருக்கும் நடுவில ஒரு சமாதானம். குளிரில இறுகாத றப்பர் கலவை, பனிக்கு நிறையச் சின்னக் கீறல் வெட்டு. 7 பாகைக்குக் கீழ போனால்தான் குளிர் ரயருக்கு வேலை. வன்னியில 7 பாகையை நாங்கள் பிறிச்சுக்குள்ளதான் பாப்பம். எங்களுக்கு ரெண்டு காலம்தான்: சோளகக் காத்து அடிக்கிற வெக்கை, வாடைக் காத்தோட வாற மழை. ரெண்டும் சூட்டு நாட்டு மழையும் வெய்யிலும். உங்கட ஆக்கள் கோடை ரயர் எண்டு சொல்லுறது இஞ்ச 12 மாதமும் போடுற ரயர்.

இதில ஒரு பொறி இருக்கு. யப்பானில இருந்து வாற றீகண்டிஷன் காருகளிலயும் பழைய ரயர்களிலயும் சில நேரம் பனி ரயர் வரும். சுவரில மலைக்குள்ள ஒரு பனிப்பூ அடையாளம், இல்லாட்டி ஸ்டட்லெஸ் எண்ட எழுத்து. வெட்டு புதுசு மாதிரி ஆழமாத் தெரியும், விலையும் மலிவு. ஒரு பெடியன் ஆசைப்பட்டு எடுத்தவன். எங்கட வெய்யிலில அழிறப்பர் மாதிரித் தேய்ஞ்சுது, ஈரத்தில பிரேக் பிடிச்சால் சதசதவெண்டு ஆடும். அடுத்த வருசம் திரும்ப வந்தான்.

மொன்றியல்மருமகன்:
சரி, நான் வாபஸ். எனக்கு இஞ்ச -20. உங்களுக்கு +36. ஒரே புத்தி சொல்லப் போனது பிழைதான்.

வெள்ளைச்சிவிக்:
அப்ப ஸ்போர்ட்ஸ் ரயர் வேண்டாம் எண்டுறீங்களோ? மழையில அதுகள்தான் நல்லாப் பிடிக்கும் எண்டு வீடியோவுகளில காட்டுறாங்கள்.

பரந்தன்சில்லு:
பொய் இல்லை. நல்ல கொம்பனியின்ர றோட்டு ஸ்போர்ட்ஸ் ரயர் புதுசா இருக்கேக்க ஈரத்தில திறமாப் பிடிக்கும். புதுசா இருக்கேக்க. உங்கட ஓட்டத்துக்கு அது கெதியாத் தேயும். தேய்ஞ்ச ஸ்போர்ட்ஸ் ரயரை விட வெட்டு இருக்கிற கொம்போர்ட் ரயர் கார்த்திகை மார்கழியில பெறுமதி. போட்டிக்காரர் போடுற அரை மொட்டை ரயர் பக்கமே போகவேண்டாம், அதில தண்ணி போக வழியில்லை.

சுவரில ட்ரெட்வெயர் எண்டு தேய்மானத்துக்கு ஒரு இலக்கம் இருக்கும். 200உம் அதுக்குக் கீழயும் மென்மை, போட்டிப் பக்கம். 300 தொடக்கம் 400க்குள்ள உங்களுக்குச் சரி. ஆனால் ஒரு கொம்பனியின்ர 300ஐயும் இன்னொரு கொம்பனியின்ர 300ஐயும் ஒப்பிடாதேங்கோ, அதை அவையே சோதிச்சுத் தாங்களே எழுதிறவை. பக்கத்தில ட்ராக்ஷன் ஏஏ, ஏ எண்டு இருக்கும். அது ஈர றோட்டில நேரா பிரேக் பிடிக்கிற சோதனை மட்டும். வளைவையும் மிதக்கிறதையும் அது சொல்லாது. ஐரோப்பிய ஒட்டி இருந்தால் மழை முகில் படம் போட்ட வரியில ஏ அல்லது பி பாத்து எடுங்கோ.

வெட்டு 1.6 மில்லியில ஒரு மேடு காட்டும், அது கடைசி எல்லை. நான் மாரிக்கு முதல் 3 மில்லியிலயே மாத்தச் சொல்லுவன். அந்த 1.4 மில்லியில நீங்கள் மிச்சம் பிடிக்கிற காசு ஒரு பம்பருக்குக் காணாது.

முள்ளியவளைஅக்கா:
வாங்குற நேரம் புரட்டாதிக்கு முந்தி எண்டு வையுங்கோ. கோடை முடிஞ்சு வாற முதல் மழைதான் ஆக வழுக்கல். ஆறு மாதப் புழுதியும் எண்ணெயும் தண்ணியோட சேந்து தாரில தைலம் பூசினது போல இருக்கும். ரெண்டு மூண்டு மழை கழுவினால் சரியாகும். இரவில மாடு வேற. மழைக்கு வயல் ஈரமெண்டு எல்லாம் தாரில ஏறிப் படுத்துக்கிடக்கும், கறுத்த மாட்டுக்குக் கண் மட்டும்தான் மினுங்கும்.

வெள்ளைச்சிவிக்:
நைதரசன் விடட்டோ? கொழும்பில எல்லாரும் விடுகினம்.

குளக்கட்டு:
சாதாரண காத்திலயே 78 வீதம் நைதரசன். காசு மிச்சமெண்டால் விடுங்கோ. காலமை ரயர் குளிரா இருக்கேக்க பாக்கிறதுதான் முக்கியம். 5, 6 பாகை சூடு கூடினால் ஏறத்தாழ ஒரு றாத்தல் ஏறும். வவுனியாவில இருந்து வெய்யிலுக்க ஓடிவந்து கிளிநொச்சியில அளந்து, கூட எண்டு திறந்து விட்டால் அடுத்த நாள் காலமை குறைவா நிக்கும். குறைஞ்ச காத்தோட சுடுதாரில ஓடினால்தான் ரயர் வெடிக்கிறது.

பழையசாரதி:
தம்பி மறந்திட்டன். சில்லு மாத்த நேர்ந்தால் முகமாலைப் பக்கம் எண்டால் தாரை விட்டுத் தூர இறங்காதை. கண்ணிவெடி எண்டு மண்டையோட்டுப் பலகை நிண்ட காணியள்.

வெள்ளைச்சிவிக்:
எல்லாருக்கும் நன்றி. முடிவு: பழைய 16 இஞ்சி றிம்முக்கே திரும்புறன். கதவடி ஒட்டியிலயும் 205/55 ஆர்16தான். ரயர் 91 வி, கொம்போர்ட் வகை, நாலும் ஒண்டு. றிம் நாலும் அம்மா வீட்டுக் கோடியில கிடக்கு. போன் எடுத்துக் கேட்டன். அதில ரெண்டுக்குள்ள வைக்கோல் போட்டுக் கோழி அடைகாக்குதாம். குஞ்சு பொரிக்க 9 நாள் இருக்கு, அதுக்குப் பிறகு வா எண்டிட்டா.

பரந்தன்சில்லு:
9 நாளும் 50இல ஓடுங்கோ. முன் ரெண்டையும் கழட்டிப் பின்னுக்குப் போட்டிட்டு ஓடுங்கோ. பின் மொட்டை முன்னுக்கு வந்தால் பிரேக் தூரம் கூடும், ஆனால் சுத்தாது. அந்தத் திருப்பிப் போட்டதையும் கழட்டிச் சரியாப் பூட்டுங்கோ.

வெள்ளைச்சிவிக்:
(மூண்டு கிழமைக்குப் பிறகு)
பூட்டியாச்சு. இலக்கம் பாத்துத்தான் எடுத்தன், நாலும் போன வருசம் செய்தது. முதல் காட்டினதை வேண்டாமெண்டு சொல்ல, கடைக்காரர் உள்ளுக்குப் போய் வேற எடுத்துவந்தார். அலைன்மென்ற்றும் பாத்தது.

நேற்று அதே மழை, அதே வளைவு, அதே வயல் தண்ணி. 55இல வந்தன், பயம். ஸ்ரியறிங்கை ஒருக்கால் மெல்லமா இழுத்துது, தண்ணி அடியில சர்ரெண்டு அடிச்சுது, பிடிச்சுக்கொண்டு போட்டுது. கிறவலில பழைய சத்தம் இல்லை. வளைவில முந்தி மாதிரி கூர்மையாத் திரும்பாது, கொஞ்சம் மெத்தைத்தனம் இருக்கு. அது எனக்குக் கவலைதான், மறைக்கேல்லை.

17 றிம் நாலும், நல்ல முன் ரயர் ரெண்டோட விக்கக் கிடக்கு. ஒரு றிம் நெளிவு. ஆருக்கும் வேணுமோ?

முள்ளியவளைஅக்கா:
என்ர தம்பிக்குச் சொல்லிப் பாக்கிறன். இஞ்ச கிறவலில ஓடமாட்டான், யாழ்ப்பாணத்தில நிக்கிறவன். நெளிஞ்சதையும் சேத்தோ விலை?

வெள்ளைச்சிவிக்:
நெளிஞ்சதை அம்மா கேட்டிட்டா அக்கா. கோழிக்கு.